வரிசை பார்த்து நிற்பவர்

கூடையை இடது கையில் மாட்டிக்கொண்டு, சோப்பு அடுக்குக்கும் முட்டை அடுக்குக்கும் நடுவில் நின்று பார்க்கிறார். அந்த இடத்திலிருந்துதான் பணம் கட்டும் கவுன்டர்கள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். எங்கே ஆள் குறைவு என்று பார்த்துப் போய் ஒட்டிக்கொள்வது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

"ஆளைப் பாக்கக்கூடாது, அவங்க கூடையைப் பாக்கணும். எடை போடற சாமான் இருந்தா அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே. இன்னும் பர்ஸை வெளியில எடுக்காத ஆளு பின்னாடி நிக்கவே நிக்காதே. பில்லை வாங்கிட்டு அங்கேயே நின்னு படிக்கிற மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு. தூரத்துலயே தெரிஞ்சுடும்."

இவ்வளவும் பார்த்து, கவுன்டர்ப் பெண்ணின் விரல் வேகத்தையும் கணக்கில் சேர்த்து, ஒரு முடிவோடு போய் நிற்பார். அவர் நின்ற மறுநிமிடம் அந்தக் கவுன்டரில் பில் காகிதம் தீர்ந்துபோகும். இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் விலை ஒட்டாத பொருளாகப் பார்த்து எடுத்து வந்திருப்பார். பால் அடுக்கில் பிரிந்து, கண்ணில் பட்ட வரிசையில் போய் நின்ற மனைவி, வாசலில் வண்டி மேல் சாய்ந்தபடி காத்திருப்பார்.

"வந்தாச்சா? நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துட்டேன்."

வீட்டிலும் வேலையிடத்திலும் அவருக்கு 'அலசல்' என்று பெயர். வைத்தது மனைவிதான். எந்த விஷயமானாலும் மூன்று தண்ணீர் விட்டு அலசுவாரே தவிர எடுத்துக் கொடியில் போடமாட்டார் என்பது அந்த அம்மாள் தரும் விளக்கம். படுக்கையறைச் சுவரில் இரண்டு நிறத்தில் இரண்டு சதுரங்கள் இருக்கின்றன. எந்தப் பெயின்ட் அடிக்கலாம் என்று பார்ப்பதற்காக அவர் பூசியவை. பூசியபோது மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தாள். இப்போது அவற்றின்மேல் ஒரு காலண்டர் தொங்குகிறது.

தொழில் என்று எடுத்துக்கொண்டால் மனிதர் வேறு ஆள். லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்றில் லிப்ட் முரண்டு பிடித்தால் இவரைத்தான் அனுப்புவார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைச் சுவரில் பதித்து நிற்பார். கூட ஏறியவர்கள் பிரார்த்தனை என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பது கதவும் கம்பிவடமும் போடும் சத்தத்தை. "மேல போறப்ப ஒண்ணும் சொல்லல. இறங்கறப்பதான் முனகுது" என்பார், பிள்ளையின் வயிற்றுவலியைச் சொல்கிற மாதிரி. குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிப்டில் ஏறமாட்டார். மூச்சு வாங்கப் படியேறிப் போவார். கேட்டால், "உள்ள போனா காது வேலை செய்ய ஆரம்பிச்சுடுது. வீட்டுக்கு வந்தும் ட்யூட்டியா?" என்பார்.

வீட்டிலிருக்கும் மூன்று பாஸ்போர்ட்டில் அவருடையது மட்டும் நீல அட்டை. மற்ற இரண்டும் சிவப்பு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர வேலைக்கு வசதியாக இருக்கும் என்று, இங்கேயே பிறந்து அப்போது மழலை மாறாதிருந்த மகளையும் சேர்த்துக்கொண்டு இந்த நாட்டின் குடியுரிமையை வாங்கிவிட்டார். "நீங்களும் வாங்களேன், ஒரே நடையா முடிச்சுடலாம்" என்று அன்றைக்குக் கூப்பிட்டதற்கு, "கொஞ்சம் அலசிப் பாத்துட்டு வரேன்" என்றார். அந்த அலசல் இன்னும் காயவில்லை. அவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார்.

அதனால் விமான நிலையங்களில் குடும்பம் இரண்டாகப் பிரியும். இந்தியாவில் இறங்கினால் அவர் ஒரு வரிசை. வெளிநாட்டவரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் நிற்கிற வரிசையில் அம்மாவும் மகளும். இந்தியர்களாக இருந்து வெளிநாட்டுக் குடியுரிமைக்கு மாறியவர்கள், விசா இல்லாமல் வந்துபோக வாங்கி வைத்துக்கொள்கிற அட்டை அது. திரும்பி வரும்போது தலைகீழ். அவர்கள் இருவரும் உள்ளூர்க்காரர்கள், இவர் வெளியாள். "எங்க இறங்கினாலும் நம்ம வீட்ல யாராவது ஒருத்தர் விருந்தாளி" என்று மனைவி சிரிப்பார். மகள் சின்னவளாக இருந்தபோதே இதை ஒரு பந்தயமாக ஆக்கிவிட்டாள். யார் முதலில் வெளியே வருவது? அம்மாவும் அவளும் ஓர் அணி, அப்பா தனி அணி. அப்பா அணி ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை.

இந்த மகள்தான் இப்போது மாட்டு டாக்டர் ஆகவேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிராணிகள் காப்பகத்துக்குப் போய் நாய்க்கும் பூனைக்கும் கட்டுப் போட்டுவிட்டு வருகிற பெண். "நாய் பூனை மட்டும் பத்தாதுப்பா. பெரிய மிருகம் பாக்கணும். கன்னு போடறப்ப கூட இருக்கணும்."

"பால் பாக்கெட்டுல படமா பாத்த மாட்டுக்கு இவ வைத்தியம் பண்ணப் போறா" என்றார் அம்மா. "நான் மனுஷங்களுக்குக் குத்தறேன், நீ மாட்டுக்குக் குத்து. ஊசிக்குடும்பம்னு போர்டு மாட்டிடலாம்."

இந்தியாவில் ஒரு கால்நடைக் கல்லூரியை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். சொந்தமாகப் பெரிய மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் கல்லூரி. அதற்காக, இங்கே கிடைத்திருந்த வேறொரு படிப்புக்கு 'சேரவில்லை' என்று எழுதிப் போட்டுவிட்டாள். இது கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீட்டில்தான். விஷயத்தை அலசல் தன் கையில் எடுத்துக்கொண்டது அந்த இடத்தில்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அந்தக் கல்லூரி தனித்தனிப் பிரிவுகள் வைத்திருந்தது. என்.ஆர்.ஐ. எனப்படும் வெளிநாடு வாழ் இந்தியர் ஒன்று. வெளிநாட்டுக் குடிமக்கள் ஒன்று. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவருக்கு இது பழகிய களம். எந்தப் பிரிவில் எத்தனை இடம், போன வருடம் எதில் கூட்டம், எதில் சீக்கிரம் நகர்ந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார். ஊரிலிருக்கும் மனைவியின் தம்பியைப் போனில் பிடித்தார்.

"மாமா, ஃபாரினர்னு போடுங்க. அந்தப் பக்கம் காத்தாடும். போனதும் சீட்டுதான்."

"யாருடா ஃபாரினர்? உன் அக்கா பொண்ணா?"

"பேப்பர்லதானே மாமா!"

"பேப்பர்ல எழுதினா அப்புறம் நெத்தியில எழுதின மாதிரி. நீ போனை வை."

வேலையிடத்து ஸ்டோர் கீப்பரின் பையன் முந்தின வருடம்தான் இந்தியாவில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். அவர் திருகாணி எண்ணிக்கொண்டே சொன்னார். "என்.ஆர்.ஐ. போடு. என் பையன் அப்படித்தான் போனான். கண்ணை மூடிக்கிட்டு போடு."

கண்ணைத் திறந்துகொண்டே பல நாள் அலசியவருக்கு இந்தச் சொல் இனித்தது. மனதுக்குள் அவர் ஏற்கெனவே போய் நின்றுவிட்ட வரிசையும் அதுதான். நான் இந்தியன். வெளிநாட்டில் வாழ்கிறேன். அவள் என் பெண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஞாயிறு பகல். மனைவி டூட்டியில், மகள் காப்பகத்தில். "நான் வந்ததும் பாக்கலாம்ப்பா, எதையும் அனுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனால் கடைசியில் கூட்டம் முட்டும், கம்ப்யூட்டர் திணறும் என்பது அவருக்குத் தெரியாதா? சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தார். என்.ஆர்.ஐ. என்ற கட்டத்தைத் தொட்டார். சான்றாகப் பாஸ்போர்ட் கேட்டது. பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்த தன் நீல அட்டையைப் படம் பிடித்து ஏற்றினார். அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூட்டம் சேருவதற்கு முன்னால், சந்தேகமே இல்லாமல் ஒரு வரிசையில் நின்றுவிட்ட திருப்தியில் மேஜையை இன்னொரு தரம் துடைத்தார்.

மகள் வந்து, சட்டையெல்லாம் நாய் முடியோடு, நின்றபடியே திரையைப் பார்த்தாள்.

"அப்பா, இது உங்க பாஸ்போர்ட்."

"ஆமா. நம்ம வீட்டு இந்திய பாஸ்போர்ட் அதுதானே."

"என்.ஆர்.ஐ.ன்னா இந்திய பாஸ்போர்ட் இருக்கற பசங்களுக்குப்பா. கீழ போட்டிருக்கு பாருங்க. படிக்கறவங்க பாஸ்போர்ட்டைத்தான் பாப்பாங்க. ஓசிஐ அட்டை வெச்சிருந்தா வெளிநாட்டுக் குடிமக்கள் பிரிவுலதான் போடணுமாம்."

"அந்த அட்டையிலயே இந்தியான்னுதான் போட்டிருக்கு. ஸ்டோர் கீப்பர் பையன்..."

"அவன்கிட்ட நீல பாஸ்போர்ட் இருக்கு."

அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அப்ப நீ யாரு? என் பொண்ணு இல்லையா? வெளிநாட்டுக்காரியா?"

அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஏர்போர்ட்ல நான் எந்த வரிசையில நிக்கறேன்?"

அவருக்குப் பதில் தெரியும். எத்தனையோ தடவை கழுத்தை நீட்டி நீட்டி அந்த வரிசையைப் பார்த்தவர். எந்த வரிசையில் கூட்டம் குறைவு, எது வேகம் என்று இத்தனை நாள் அலசினாரே, எதில் நிற்க மகளை விடுவார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. மகள் நிற்க வேண்டிய இடத்தில் தன் பாஸ்போர்ட்டோடு அவரே போய் நின்றுவிட்டார்.

விதிமுறையின் கடைசியில் தடித்த எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. அனுப்பிய விண்ணப்பத்தில் பிரிவை மாற்ற இயலாது. சான்றுகள் பொருந்தாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

மாலையில் வந்த மனைவி நடந்ததைக் கேட்டார். கைகழுவப் போனார். கிண்டலாக ஒரு வார்த்தை விழும் என்று அலசல் காத்திருந்தார். விழவில்லை. மகள் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். கதவுச் சத்தத்தில் பழுதைக் கண்டுபிடிக்கிறவருக்கு, சத்தமே இல்லாத கதவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. மூவரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார, அவர் கல்லூரிக்குப் போன் போட்டு நடுவில் வைத்தார். நடந்ததை ஆதியோடந்தமாக, இடையிடையே தன் தரப்பு நியாயங்களோடு, சொல்லி முடித்தார். எதிர்முனையில் சேர்க்கைப் பிரிவு அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"சார், படிக்கப் போறது யாரு?"

"பொண்ணும்மா."

"அப்ப அவங்ககிட்ட போனைக் கொடுங்க."

"இங்கதான் இருக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். மேடம், மாத்தவே முடியாதுன்னு போட்டிருக்கே..."

"ஆமா, மாத்த முடியாது."

மனைவி கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அதே விண்ணப்பத்துல மாத்த முடியாது சார். அதை ரத்து பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு போடலாம், கடைசித் தேதிக்குள்ள. ரத்து பண்ணச் சொல்லி உங்க பொண்ணு மெயில் அனுப்பட்டும். நாங்க இன்னும் சான்று சரிபார்க்கவே ஆரம்பிக்கல. ஆரம்பிச்சிருந்தா கஷ்டம். நீங்கதான் எல்லாருக்கும் முந்திப் போட்டுட்டீங்களே."

"முந்திப் போட்டது நல்லதாப் போச்சுங்கறீங்களா?"

"கடைசி நாள்ல போட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது சார்."

அலசல் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"புது விண்ணப்பத்துல பொண்ணோட பாஸ்போர்ட், பொண்ணோட ஓசிஐ அட்டை. உங்களுது எதுவும் வேண்டாம். எங்க காலேஜ்ல இப்படி. வேற காலேஜுக்கும் போடறதா இருந்தா அங்க கேட்டுக்குங்க, ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி. கவலைப்படாதீங்க சார், வருஷா வருஷம் அப்பாக்கள் பண்றதுதான்."

"அம்மாங்க பண்றதில்லையா மேடம்?" என்று மனைவி நடுவில் புகுந்தார்.

"பண்ணுவாங்கம்மா. ஆனா இவ்வளவு நேரம் விளக்க மாட்டாங்க."

மகள்தான் முதலில் சிரித்தாள். மனைவிக்கு அடக்க முடியாமல் இருமல் வந்தது. முந்தின நாள் மாலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போது வரிசையாக வந்தது. "நல்லவேளை, மாட்டு டாக்டருக்கு நீங்களே போய்ச் சேர்ந்துடாம இருந்தீங்களே. ஹாஸ்டல்ல உங்களுக்கு ஒரு கட்டில் போட்டிருப்பாங்க." இவ்வளவு சந்தோஷமாக அலசல் இதற்கு முன் தன்னைக் கேலி செய்ய விட்டதில்லை.

புது விண்ணப்பத்தை மகள்தான் நிரப்பினாள். பிரிவைக் கேட்கும் இடம் வந்ததும் விரலை நிறுத்திவிட்டு, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போடும்மா. உன் வரிசை எதுவோ அதையே போடு."

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று அவர் வேலையில் இருந்தார். மனைவி போனில் சொன்னபோது பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் லிப்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கை சுவரில் இருந்தது. அன்றைக்கு லிப்ட் என்ன சொன்னது என்று அவருக்குக் காதில் விழவில்லை. மாலையில் லிப்டிலேயே ஏறி வீட்டுக்கு வந்தார்.

கல்லூரி திறக்கும் சமயத்தில் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். இந்தியாவில் இறங்கி, நீண்ட நடைவழியெல்லாம் கடந்து வந்ததும் இந்தியர், வெளிநாட்டவர் என்று அந்த இரண்டு பலகைகளும் தெரிந்தன. மகள் தோள்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"என்னப்பா, பந்தயம்தானே?"

"உன் டீம்ல ஒரு ஆளு குறையுதே."

"பரவால்ல. நான் தனியாவே ஜெயிப்பேன்."

சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு அவள் தன் வரிசைக்குப் போனாள். அம்மா பக்கத்தில் இல்லாமல் அவள் அதில் நிற்பது இதுதான் முதல் தடவை.

வாழ்நாளெல்லாம் அலசல் தேடிய வரிசை அன்றைக்கு அவருக்கு வாய்த்தது. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். யாரிடமும் குழந்தை இல்லை, கேள்வி இல்லை. அதிகாரி முத்திரை குத்துகிற வேகத்துக்கு வரிசை வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து வரிசை அசையவில்லை. அங்கே ஒரு பெரிய குடும்பம் எதையோ தேடிப் பையைத் தலைகீழாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மகள் நின்றாள்.

இவருக்கு முன்னால் இருந்தவர் போய்விட்டார். அதிகாரி கையை உயர்த்தி இவரைக் கூப்பிட்டார்.

அலசல் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தார். "நீங்க போங்க சார்" என்றார் பின்னாலிருந்தவரிடம். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பின்னாலிருந்தவர் போனார். அடுத்தவரையும் போகச் சொன்னார். கழுத்தை நீட்டிப் பக்கத்து வரிசையைப் பார்த்தார். குடும்பம் கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்திருந்தது. மகளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். நீல அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்கடுத்தவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.